கவலை ஏற்றம் முதல் குழித்தட்டு வரை

தருமபுரி மாவட்டத்தில் தோட்டம் மாறிய கதையைச் சொல்பவர்கள் கிணறு, மோட்டார், போர், சொட்டுநீர் என்று வரிசையாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். அதில் பொம்பளைங்க நாம எங்கே நின்றோம் என்று யாரும் எழுதுவதில்லை. தக்காளிக் காட்டிலேயே பாதி வயசைக் கழித்தவள் என்பதால் நான் எழுதுகிறேன்.

நம்முடையது வானம் பார்த்த பூமி. கேழ்வரகும் சாமையும்தான் முக்கியப் பயிர். கிணறு உள்ள வீட்டில் மட்டும் கொஞ்சம் கத்தரி, மிளகாய், தக்காளி போடுவார்கள். மாமனார் கவலை ஓட்டுவார், மாமியார் மடை திருப்புவார். சால் தண்ணி ஓடி வருவதற்குள் அடுத்த பாத்திக்கு மண் வெட்டி வைக்கணும். இடுப்பொடிகிற வேலை அது.

பிறகு ஆயில் எஞ்சின் வந்தது, மின் மோட்டார் வந்தது. 1984-இல் சிறு விவசாயிகளுக்கு மின்சாரம் இலவசமானது, பின்னால் எல்லா விவசாயிகளுக்கும் ஆனது. தண்ணி ஏறியது, தக்காளியும் ஏறியது. பாலக்கோடு மண்டியிலிருந்து வெளியூருக்கு லாரி போக ஆரம்பித்தது. ஆனால் எல்லாரும் இறைத்தால் கிணறு என்ன செய்யும்? திறந்த கிணறு வற்றி, போர் போட்டார்கள். பக்கத்துக் காட்டுக்காரர் இன்னும் ஆழமாகப் போட்டால் நம் போர் காற்றுதான் வாங்கும். அந்தக் கடனை அடைக்க எத்தனை தாலிக்கொடி அடகுக்குப் போனது என்று நம் குழுக் கணக்கு நோட்டுகளைப் பார்த்தாலே தெரியும்.

விதைக் கதை தனி. முன்னெல்லாம் நல்ல பழமாகப் பார்த்துப் பிழிந்து, சாம்பலில் புரட்டிக் காயவைத்து முடிந்து வைப்பது மாமியார் வேலை. வீட்டில் விதைக்கு அவர்தான் எஜமானி. லாரியில் நசுங்காத, தோல் தடித்த ஒட்டு ரகங்கள் வந்ததும் அது போயிற்று. ஒட்டு ரகத்தில் எடுத்த விதை அடுத்த போகத்தில் தாயைப் போல வராது. ஒவ்வொரு போகத்துக்கும் கடையில்தான் வாங்கணும். (ரசத்துக்கு இன்னைக்கும் நாட்டுத் தக்காளிதான், அது வேறு விஷயம்.)

2004-05 முதல் மூன்று ஆண்டுகள் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 400 ஹெக்டேரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் துல்லியப் பண்ணையத் திட்டம் நடத்தியது. சொட்டுநீரும், அதிலேயே கரைத்து விடும் உரமும், குழித்தட்டு நாற்றும் நம் ஊர்ப் பேச்சில் புழங்கத் தொடங்கியது அதன் பிறகுதான். மடை திருப்பும் வேலை ஒழிந்தது. வால்வைத் திறந்தால் போதும். மல்ச்சிங் ஷீட் விரித்த காட்டில் களை எடுக்கிற வேலையும் குறைந்துவிட்டது. சொந்தக் காடு உள்ளவளுக்கு அது நிம்மதி. களைக்கூலியை நம்பியிருந்தவளுக்கு அடுப்பு எரியறதே பிரச்சினை. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்லணும்.

கூலி இழந்தவர்களில் சிலர்தான் எங்கள் குழுவில் நாற்றங்கால் போடலாம் என்றார்கள். வங்கிக் கடனில் நிழல்வலைக் குடில் போட்டோம். தென்னைநார்க் கழிவு நிரப்பிய தட்டில் 98 குழி, குழிக்கு ஒரு விதை. வலைக்குள்ளே வெள்ளை ஈ நுழையாமல் பார்த்துக்கொண்டால் இலைச்சுருட்டு நோய் நாற்றிலேயே தொற்றாது. சுமார் 25 நாளில் நடவுக்குத் தயார். நாற்று வாங்க வருகிறவர்கள் இப்போது எங்களிடம்தான் எந்த ரகம் போடலாம் என்று கேட்கிறார்கள். மாமியார் கையை விட்டுப்போன விதையில் பாதியாவது திரும்பி வந்தது என்று நினைத்துக்கொள்வேன்.

சொட்டுநீருக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75. ஆனால் விண்ணப்பத்தோடு சிட்டா, அடங்கல் கேட்பார்கள். அதில் யார் பெயர் இருக்கிறது? நாற்று வளர்ப்பது, நடுவது, பறிப்பது, தரம் பிரிப்பது நாம. மானியம் வருவது அவர் பெயரில். இந்தியாவிலேயே முன்னோடியாக மகளிர் குழுக்கள் நம் தருமபுரியில் தொடங்கியது 1989-இல். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்ற தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்ததும் அதே 1989-தான். அதற்கு முன்பே கல்யாணமானவர்களை அது விட்டுவிட்டது. 2005-இல் மத்திய அரசின் திருத்தம் வந்து அவர்களுக்கும் வழி திறந்தது. குழு வளர்ந்த அளவுக்குப் பட்டா வளரவில்லை.

எங்கள் குழுவில் 12 பேர். பட்டாவில் பெயர் இருப்பது மூன்று பேருக்கு. இந்த வருஷம் இன்னும் இரண்டு பேர் கூட்டுப் பட்டாவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஒருத்தியின் வீட்டுக்காரர் தானே கையெழுத்துப் போட்டார். இன்னொருத்தி வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.