ரயில்வழித் தேர்தல் பிரச்சாரம் (அமெரிக்கா)

அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலில் வேட்பாளர் தனி ரயிலில் ஊர் ஊராகச் சென்று, கடைசிப் பெட்டியின் பின்மேடையில் நின்றபடி வாக்குக் கேட்ட முறை. பெருநகரக் கூட்டங்களுக்கு வர வழியில்லாத உழவர்களையும் ஆலைத் தொழிலாளர்களையும் அவர்கள் ஊர் ரயிலடியிலேயே சந்திக்க இது உதவியது.

1896இல் நெப்ராஸ்காவின் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் இதைப் பெரிய அளவில் கையாண்டார். விளைச்சலுக்கு விலையின்றிக் கடனில் தத்தளித்த உழவர்கள், வெள்ளி நாணயம் தாராளமாகப் புழங்கினால் பாரம் குறையும் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கையைச் சுமந்து பிரையன் ஏறத்தாழ 29,000 கி.மீ. சுற்றினார். எதிர்த்து நின்ற மெக்கின்லியோ ஒஹையோவில் தம் வீட்டு வாசலிலேயே இருந்து கூட்டத்தை வரவழைத்தார், வென்றவரும் அவரே. வெள்ளி நாணயம் பெருகித் தானிய விலை ஏறினால் உழவருக்கு லாபம், கூலி வாங்குபவருக்கு ரொட்டி விலை ஏறும். தொழில் நகரங்கள் பிரையனை ஏற்காததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இந்த இரு தரப்பையும் ஒன்றாகப் பிடித்தவர் ஜனநாயகக் கட்சியின் குடியரசுத் தலைவர் ஹாரி ட்ரூமன். 1948இல் அவர் தோற்பது உறுதி என்றே கருத்துக்கணிப்புகள் கூறின. ‘ஃபெர்டினாண்ட் மகெல்லன்’ என்னும் பெட்டியில் ஏறிச் சுமார் 35,000 கி.மீ. பயணம் செய்தார். சிற்றூர்களில் ரயில் சில நிமிடங்களே நிற்கும். எழுதிவைத்து வாசிக்காமல் பேசுவார். முடிவில் திரையை விலக்கி வரும் மனைவியை ‘என் முதலாளி’ என்று அறிமுகம் செய்வார். கூட்டம் ஆரவாரிக்கும்.

ஆனால் வாக்கைத் திருப்பியது இந்த அன்னியோன்னியம் மட்டுமல்ல. அவ்வாண்டு மக்காச்சோளம் அமோகமாக விளைந்தது. அரசின் ஆதரவு விலைக் கடன் பெற, தானியத்தை முறையான கிடங்கில் வைத்திருக்க வேண்டும். குடியரசுக் கட்சி ஆதிக்கத்திலிருந்த நாடாளுமன்றமோ, இக்கடனை வழங்கிய அரசுக் கழகம் புதிய சேமிப்புக் குதிர்கள் வாங்கத் தடை போட்டிருந்தது. செப்டம்பர் 18இல் அயோவாவின் டெக்ஸ்டரில், உழவுப் போட்டிக்குத் திரண்ட பெருங்கூட்டத்தின் முன் ட்ரூமன் இதைப் போட்டு உடைத்தார். இளமையில் மிசௌரியில் கோவேறு கழுதை பூட்டி உழுதவர் அவர். அவர் வாயிலிருந்து வந்தபோது குதிர்க் கணக்கு எடுபட்டது. ஆலை ஊர்களில், தொழிற்சங்க உரிமைகளை ஒடுக்கிய 1947ஆம் ஆண்டின் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டத்தைச் சாடினார்.

குடியரசுக் கட்சியின் எதிர்வேட்பாளர் டியூயியும் ரயிலில்தான் போனார். அக்டோபரில் இல்லினாயின் பியூகூப்பில் ரயில் திடீரெனக் கூட்டத்தை நோக்கிப் பின்னால் நகர்ந்தது. யாருக்கும் காயமில்லை, ஆயினும் டியூயி ஒலிபெருக்கியிலேயே ஓட்டுநரைப் பைத்தியக்காரன் என்றார். அந்தச் சொல் ரயில்வே தொழிலாளரிடையே தீயாகப் பரவியது. உழைப்பவர்களை அவர் எந்த இடத்தில் வைத்திருந்தார் என்பதை அது காட்டிக்கொடுத்தது. 1944இல் டியூயிக்கு வாக்களித்த அயோவா, விஸ்கான்சின், ஒஹையோ மூன்றும் இம்முறை ட்ரூமன் பக்கம் சாய்ந்தன. தேர்வாளர் குழுவில் அவருக்கு 303, டியூயிக்கு 189.

தொலைக்காட்சியும் விமானமும் வந்தபின் இந்தப் பிரச்சார முறை தேய்ந்தது. ஆயினும் 1964இல் குடிசார் உரிமைச் சட்டத்தால் வெள்ளையர் கொதித்திருந்த தென்னகத்தில், குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சனின் மனைவி லேடி பேர்ட் எட்டு மாநிலங்கள் வழியாக ரயிலில் சென்று நேருக்கு நேர் பேசினார். அவற்றுள் வர்ஜீனியா, வட கரோலினா, ஃபுளோரிடா ஆகிய மூன்றே ஜான்சனுக்குக் கிடைத்தன.