புதையலும் நாணயமும்

கதை எழுதிப் பிழைக்கிறவர்களுக்குப் புதையலைப் போலக் கை கொடுக்கும் சரக்கு வேறு கிடையாது. கதாநாயகன் கடனில் மூழ்கியிருக்கிறான். வீடு ஏலத்துக்கு வரப் போகிறது. ஆசிரியருக்கோ இன்னும் இரண்டு அத்தியாயம்தான் பாக்கி. கொல்லைப்புறத்தில் ஒரு குழி வெட்டச் சொன்னால் போதும். கடப்பாரை 'டணார்' என்று செப்புக் குடத்தில் இடிக்கும். கடன் தீரும், கல்யாணம் நடக்கும், கதையும் முடியும். அந்தக் குடத்தை யார் புதைத்தார்கள், எதற்காகப் புதைத்தார்கள், அதை எடுத்தவன் யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று எந்த வாசகரும் கடிதம் போட்டுக் கேட்பதில்லை. ஆனால் கதை முடிகிற அந்த இடத்தில்தான் சரித்திரம் ஆரம்பமாகிறது. சட்டமும் கூடவே வருகிறது.

நம் பாட்டிமார் காலத்தில் புதையல் இருக்குமிடம் தெரிய மை போட்டுப் பார்ப்பார்கள். காவல் இருக்கும் பூதத்துக்குப் பலி கொடுக்க வேண்டும் என்றும் சொல்வார்கள். இங்கிலாந்துக்காரர்கள் பூதத்தை நம்பாமல் யந்திரத்தை நம்பினார்கள். மெட்டல் டிடெக்டர் என்பது நீண்ட கைப்பிடியின் நுனியில் ஒரு கம்பிச் சுருள். அதில் மின்சாரம் ஓடும்போது காந்த மண்டலம் எழுகிறது. மண்ணுக்குள் உலோகம் இருந்தால் அந்த மண்டலம் கலைந்து, காதில் மாட்டிய கருவியில் 'கீ' என்று சத்தம் கேட்கிறது. 1881-ம் ஆண்டில் சுடப்பட்ட அமெரிக்க ஜனாதிபதி கார்பீல்டின் உடலில் குண்டு எங்கே இருக்கிறது என்று பார்க்க, டெலிபோன் கண்ட கிரகாம் பெல் இப்படி ஒரு கருவியைக் கொண்டுவந்தார். பலிக்கவில்லை. இரண்டாவது மகா யுத்தத்தில் கண்ணிவெடிகளைத் தேட இது நன்றாகப் பயன்பட்டது. யுத்தம் ஓய்ந்த பிறகு பொழுதுபோக்குக் கருவியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் சிலர் தூண்டில் போடப் போவது போல, இவர்கள் உழுத வயல்களில் இதைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள்.

அப்படி நடந்தவர்களில் ஒருவரைப் பற்றி முதலில் சொல்கிறேன். 1992-ம் ஆண்டு நவம்பர் மாதம் 16-ந் தேதி, இங்கிலாந்தின் கிழக்கே ஸஃபோக் ஜில்லாவில் ஹாக்ஸன் என்ற கிராமத்தில் ஒரு குத்தகைக் குடியானவருடைய சுத்தியல் வயலில் தொலைந்து கிடந்தது. அதைத் தேடித் தரும்படி தம் நண்பரைக் கேட்டார். நண்பர் ஓய்வு பெற்ற தோட்டக்காரர். வேலையை விட்டபோது பரிசாகக் கிடைத்த டிடெக்டர் ஒன்று அவரிடம் இருந்தது. சுத்தியலைத் தேடினார், வெள்ளிக் கரண்டிகளும் தங்க நகைகளும் காசுகளும் வந்தன.

இந்த இடத்தில் நீங்களும் நானும் என்ன செய்திருப்போம் என்பது அவரவர் மனசாட்சிக்குத் தெரியும். அந்தத் தோட்டக்காரர் கொஞ்சம் எடுத்த உடனேயே நிறுத்திவிட்டார். நிலத்துக்குச் சொந்தமான ஜில்லா நிர்வாகத்துக்கும் போலீஸுக்கும் சொல்லி அனுப்பினார். மறுநாளே புதைபொருள் ஆராய்ச்சியாளர்கள் வந்து, பரபரப்பில்லாமல் மண்ணை அடுக்கடுக்காக எடுத்தார்கள். 14,865 ரோமானிய நாணயங்கள். வெள்ளிப் பாத்திரங்களும் தங்க ஆபரணங்களுமாகச் சுமார் 200 உருப்படிகள். கி.பி. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பிரிட்டனில் ரோமானிய ஆட்சி சரிந்துகொண்டிருந்த வேளையில், யாரோ ஒரு செல்வர் குடும்பம் புதைத்து வைத்துவிட்டுத் திரும்பி வரவேயில்லை.

அவசரமில்லாமல் தோண்டியதால் என்ன லாபம் என்று கேட்கலாம். மக்கிப்போன மரப் பெட்டியின் சுவடு தெரிந்தது. அதற்குள் இருந்த சின்னப் பெட்டிகளின் குட்டி வெள்ளிப் பூட்டுகள் கிடைத்தன. எந்தப் பண்டத்தை எதன் பக்கத்தில் வைத்தார்கள் என்பது தெரிந்தது. மண்வெட்டியால் வாரியிருந்தால் வெள்ளி கிடைத்திருக்கும். பெட்டியை நிதானமாக அடுக்கிய அந்தக் கைகள் கிடைத்திருக்கா. அந்தப் பெட்டியில் ஒரு சீமாட்டியின் மார்பளவு உருவமாகச் செய்த மிளகுச் சிமிழ் ஒன்றும் இருந்தது. ரோமாபுரிக்கு மிளகு போனது பழைய சேர நாட்டுக் கரையிலிருந்து என்பதை நினைக்கும்போது, அந்தச் சீமாட்டி நமக்கு அவ்வளவு அந்நியம் இல்லை என்று தோன்றுகிறது.

சர்க்கார் அந்தத் தோட்டக்காரருக்கு 17.5 லட்சம் பவுண்டு சன்மானம் கொடுத்தது. அதில் குடியானவருக்குப் பங்கு கொடுக்க வேண்டும் என்று அன்றைய சட்டத்தில் கட்டாயம் இல்லை. அவர் கொடுத்தார். சுத்தியலும் பிற்பாடு அகப்பட்டது. அது இப்போது பிரிட்டிஷ் மியூஸியத்தின் சொத்து. தமிழில் காசுக்கும் நேர்மைக்கும் ஒரே சொல்தான்: நாணயம். ஹாக்ஸன் வயலில் 14,865-க்கு மேல் இன்னொரு நாணயமும் அன்று இருந்தது என்பேன்.

ஆனால் மனிதருடைய நல்ல குணத்தை மாத்திரம் நம்பி ராஜ்யம் நடத்த முடியாது; சட்டம் வேண்டும். இங்கிலாந்தின் பழைய சட்டம் விசித்திரமானது. பொன்னோ வெள்ளியோ மண்ணில் கிடைத்தால், செத்தவர்களைப் பற்றி விசாரிக்கும் கொரோனர் என்ற அதிகாரியே அதையும் விசாரிப்பார். புதைத்தவன் திரும்ப எடுக்கும் எண்ணத்தோடு புதைத்தானா? ஆம் என்றால் ராஜாவுக்குச் சொந்தம். இல்லை என்றால் ராஜாவுக்கு உரிமை கிடையாது. ஆயிரம் வருஷத்துக்கு முன் செத்தவன் மனத்தில் இருந்ததை ஜூரிகள் ஊகிக்க வேண்டும்!

1939-ல் இதே ஸஃபோக் ஜில்லாவில், ஸட்டன் ஹூ என்ற இடத்தில், எடித் பிரெட்டி என்ற சீமாட்டியின் நிலத்து மேட்டை பேஸில் பிரவுன் தோண்டினார். சுமார் 27 மீட்டர் நீளக் கப்பலோடு ஓர் அரசனைப் புதைத்திருந்த அடையாளமும், அவன் பொன் ஆபரணங்களும் வெளிப்பட்டன. பரலோக யாத்திரைக்காக வைத்த பொருளை யாரும் திரும்ப எடுக்க நினைத்திருக்க மாட்டார்கள் என்று தீர்மானமாயிற்று. அத்தனையும் அம்மாளுக்கே சொந்தம் ஆனது. அந்த அம்மாள் எல்லாவற்றையும் பிரிட்டிஷ் மியூஸியத்துக்குத் தானமாகக் கொடுத்துவிட்டார். சட்டம் விட்ட இடத்தை நாணயம் நிரப்பியது.

எல்லாச் சமயத்திலும் அப்படி நிரம்புவதில்லை. 1996-ல் புதுச் சட்டம் செய்தார்கள். புதைத்தவன் மனத்தை ஊகிக்கும் வேலையை ஒதுக்கிவிட்டு, பொருளின் வயதையும் அதிலுள்ள பொன் வெள்ளியின் அளவையும் கணக்கில் எடுத்தார்கள். கண்டவர் 14 நாளில் தெரிவிக்க வேண்டும். மியூஸியம் விரும்பினால் சந்தை விலையைக் கொடுத்து வாங்கிக்கொள்ளும். அந்தத் தொகை கண்டவருக்கும் நிலக்காரருக்கும் பிரியும். ஆனால் 2010-ல் கம்ப்ரியாவில் கிராஸ்பி காரெட் கிராமத்தருகே டிடெக்டர்காரர் ஒருவருக்கு ரோமானியக் குதிரைவீரனின் முகமூடித் தலைக்கவசம் அகப்பட்டது. அபூர்வமான பொருள், ஆனால் செம்புக் கலவை. சட்டத்தின் கண்ணில் அது புதையலே இல்லை. கார்லைல் நகரத்து மியூஸியம் ஊராரிடம் பணம் திரட்டிப் பார்த்தது. ஏலத்தில் சுமார் 23 லட்சம் பவுண்டுக்குப் பெயர் தெரியாத ஒருவர் கொண்டுபோய்விட்டார். யாரும் சட்டத்தை மீறவில்லை. ஆனாலும் ஊர் இழந்தது. உலோகம் எதுவானாலும், 200 வருஷத்துக்கு மேற்பட்டதாயும் சரித்திரத்துக்கு மிக முக்கியமாயும் இருந்தால் அதுவும் புதையலே என்று 2023-ல் சட்டத்தைத் திருத்தினார்கள்.

இந்தப் பொழுதுபோக்கையே தடுத்துவிட்டால் என்ன என்று சில ஆராய்ச்சியாளர்கள் கேட்கிறார்கள். அயர்லாந்தில் அனுமதி இல்லாமல் பழம்பொருளைத் தேடி டிடெக்டரை எடுத்துப் போவதே 1987 முதல் குற்றம். இங்கிலாந்து வேறு வழியில் போயிற்று. எப்படியும் ஏரும் உரமும் வயலில் கிடப்பதை அழிக்கின்றன. நல்லவர்களைக் கூட்டாளியாக்கிக்கொள்வோம் என்று நினைத்தது. சாதாரண மனிதர்கள் கண்டெடுத்துக் காட்டிய பொருள்களில் 10 லட்சத்துக்கு மேல் அங்கே பதிவாகியிருக்கின்றன. இரண்டு கட்சியிலும் நியாயம் உண்டு. எந்தக் கட்சி சரி என்பது கடைசியில் டிடெக்டரைப் பிடித்திருக்கும் கையைப் பொறுத்தது. அதற்கு 2015-ம் ஆண்டே சாட்சி.

அந்த வருஷம் ஜூன் மாதத்தில், ஹெரிபர்டுஷயரில் லெம்ஸ்டர் ஊருக்கருகே, அனுமதி இல்லாத ஒரு வயலில் இரண்டு பேர் தோண்டினார்கள். தங்க மோதிரம், மிருகத் தலை வைத்த காப்பு, பொன் கட்டிய பளிங்கு உருண்டை, சுமார் 300 நாணயங்கள் என்று பெரிய புதையல். நகைகளை மட்டும் பிற்பாடு மியூஸியத்தில் காட்டினார்கள். நாணயங்களைச் சத்தமில்லாமல் விற்கத் தொடங்கினார்கள். குழியில் குவியலாகக் கிடந்ததைச் செல்போனில் படம் பிடித்து, பிறகு அழித்தார்கள். அழித்த படங்களைப் போலீஸ் நிபுணர்கள் மீட்டுவிட்டார்கள். 2019-ல் ஒருவருக்கு 10 வருஷம், மற்றவருக்கு 8½ வருஷம் தண்டனை. அப்பீலில் அது குறைந்தது. வழக்கு நடந்தபோது 300-ல் 31 நாணயங்களே திரும்பி வந்திருந்தன.

காசு போனால் போகட்டும் என்று சொல்லலாம். போனது காசு மட்டும் இல்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்து பல ராஜ்யங்களாக இருந்தது. வெஸ்ஸெக்ஸ் அரசன் ஆல்பிரட். பக்கத்து மெர்ஸியாவின் அரசன் சியோல்வுல்ஃப். ஆல்பிரட்டை மகா புருஷன் என்று பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் படித்தார்கள். சியோல்வுல்ஃபையோ, ஆல்பிரட்டின் சார்பில் சரித்திரம் எழுதியவர்கள் வைகிங் படையெடுப்பாளரின் கைப்பொம்மை, மூடன் என்று இரண்டு வரியில் தள்ளிவிட்டார்கள். ஜெயித்தவன் பக்கத்துக் கணக்கப்பிள்ளை எழுதிய ஐந்தொகை அது. ஆனால் அந்த நாணயங்களில் சில, பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்த இரண்டு அரசர்களின் உருவத்தைக் காட்டுகின்றன. ஆல்பிரட்டும் அதே அச்சில் அடித்தான், சியோல்வுல்ஃபும் அடித்தான். இருவரும் கூட்டாளிகளாக இருந்தார்கள், பிற்காலத்தில் ஒருவன் பெயரை மற்றவன் ஆட்கள் அழித்தார்கள் என்றே நினைக்க வேண்டியிருக்கிறது. சியோல்வுல்ஃபை முதலில் ஏட்டில் அழித்தார்கள். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு மேல் கழித்து, அவனுக்குச் சாட்சி சொல்ல வந்த காசுகளை இரண்டு பேர் சில்லறையாக்கினார்கள்.

நல்ல வேளையாக, அதே 2015-ல் அக்டோபர் மாதம், ஆக்ஸ்போர்டு ஜில்லாவில் வாட்லிங்டன் அருகே இன்னொருவருடைய கருவி சத்தம் போட்டது. அதே காலத்துப் புதையல். அதே இரண்டு அரசர் நாணயங்கள். அவர் உடனே உரிய அதிகாரிக்குத் தகவல் சொன்னார். சுற்றியிருந்த மண்ணோடு கட்டியாகவே அதைப் பெயர்த்து எடுத்துப் போய், சோதனைச் சாலையில் பிரித்தார்கள். ஆஷ்மோலியன் மியூஸியம் 13.5 லட்சம் பவுண்டு கொடுத்து 2017-ல் வாங்கியது. முழுசாகக் கிடைத்த அந்தப் புதையலால் சியோல்வுல்ஃபின் வழக்கு சரித்திரத்தில் மறுவிசாரணைக்கு வந்தது. மாதக் கணக்கில் பார்த்தால் வித்தியாசம் நாலு மாதம்; மனிதரில் பார்த்தால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

அந்நிய நாட்டு வயல்களில் நமக்கென்ன வேலை என்று நேயர்கள் கேட்கலாம். அதே இங்கிலாந்துக் கோர்ட்டில் நம் தஞ்சை மண்ணும் ஒரு முறை சாட்சி சொல்லியிருக்கிறது. 1976-ல் பத்தூரில், சிதைந்து கிடந்த சோழர் காலக் கோயிலின் அருகே ஓர் ஏழைத் தொழிலாளியின் மண்வெட்டியில் நடராஜர் சிலை தட்டுப்பட்டது. 1878-ம் வருஷத்துப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட எதுவானாலும் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். உரிமையாளர் இல்லாத புதையல் என்று தீர்மானமானால் கண்டவருக்கு முக்கால் பங்கு, நிலக்காரருக்குக் கால் பங்கு. மறைத்தால் ஒரு வருஷம் வரை சிறை. அந்தத் தொழிலாளிக்கு இந்தச் சட்டத்தை யார் சொல்லியிருப்பார்கள்? சிலை கை மாறியது, கடல் கடந்தது. 1982-ல் லண்டனில் ஒரு கனடா கம்பெனி அதை வாங்கியது. செப்பனிடக் கொடுத்திருந்த இடத்தில் ஸ்காட்லண்டு யார்டு கைப்பற்ற, வழக்கு தொடங்கியது.

இது பத்தூர்ச் சிலைதான் என்று எப்படி ருசுப்படுத்துவது? டாக்டர் இரா. நாகசாமி லண்டனுக்குப் போய்ச் சிற்ப அமைதியைக் காட்டிச் சாட்சி சொன்னார். சிலையில் ஒட்டியிருந்த மண்ணையும் கரையான் ஓடிய தடத்தையும்கூடப் பத்தூரில் கிடைத்த மற்றச் சிலைகளோடு நிபுணர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இடிந்த கோயிலானாலும் அதற்கு வழக்காட உரிமை உண்டு என்று 1988-ல் தீர்ப்பாயிற்று. 1991-ல் அப்பீல் கோர்ட்டும் அதை உறுதி செய்தது; நடராஜர் ஊர் திரும்பினார்.

புதையலைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் பொன்னின் எடையைத்தான் கேட்கிறார்கள். அது எங்கே, எதன் பக்கத்தில், எவ்வளவு ஆழத்தில் கிடந்தது என்பதற்குத் தராசு இல்லை. ஆனால் ஹாக்ஸன் பெட்டியும் வாட்லிங்டன் காசும் பத்தூர்ச் சிலையும் பேசியது அதனால்தான். சட்டம் பயமுறுத்தலாம், பங்கு தரலாம். முதல் காசு வெளியே வந்த அந்த நிமிஷத்தில் அங்கே எந்தக் கலெக்டரும் நிற்பதில்லை. ஆகையால் உங்களில் யாருக்காவது கிணறு வெட்டும்போது 'டணார்' என்று கேட்டால், தோண்டுவதை நிறுத்துங்கள். எடுத்ததைக் கழுவித் துடைக்காதீர்கள். குழியை மூடி வைத்துவிட்டு, நேரே கிராம நிர்வாக அதிகாரியின் வீட்டுக்கு நடந்து போங்கள்.