திகம்பர சாமியார்: உறங்கவிடாத துப்பறிவாளர்

திகம்பர சாமியார், சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரித்து 1950-ல் வெளிவந்த கறுப்பு வெள்ளைத் துப்பறியும் திரைப்படம். டி.ஆர். சுந்தரம் இயக்கினார். வடுவூர் கே. துரைசாமி ஐயங்காரின் (1880-1942) நாவலைத் தழுவியது. வடுவூராரின் கதை திரைக்கு வந்தது இது முதல்முறை அல்ல. டி.கே.எஸ். சகோதரர்கள் நாடகமாக நடித்துவந்த 'மேனகா' 1935-லேயே படமாகியிருந்தது.

தமிழில் துப்பறியும் கதை ஆங்கிலத்திலிருந்து தழுவலாக வந்தது. அந்த வழியை அகலப்படுத்தியவர்களில் முக்கியமானவர் ஆரணி குப்புசாமி முதலியார். வேலூர், ஆம்பூர், ஆரணி மூன்றும் அன்று ஒரே வடஆற்காடு மாவட்டம். தோலுக்கு ஆம்பூரையும் பட்டுக்கு ஆரணியையும் சொல்பவர்கள் இந்தச் சரக்கை மறந்துவிடுகிறார்கள். முதலியார் ரெயினால்ட்ஸையும் ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளையும் தமிழ்ப் பெயர்களோடு கொண்டுவந்தார். வடுவூரார் ஒரு படி மேலே சென்று துப்பறிவாளரையே சாமியாராக்கினார். ஊரில் யார் வீட்டுக்குள்ளும் கேள்வியின்றி நுழையக்கூடியவர் சாமியார்தானே.

படத்தில் அந்த வேடத்துக்கு முதலில் தேர்வானவர் காளி என். ரத்தினம். பின்னர் அது எம்.என். நம்பியாருக்குச் சென்றது. மாறுவேடங்கள் உட்பட 11 தோற்றங்களில் அவர் வருகிறார். அதே ஆண்டு அதே நிறுவனத்தின் 'மந்திரி குமாரி'யில் அவர் ராஜகுருவாக நடித்தார். மக்கள் நினைவில் நின்றது வில்லன் நம்பியார். சாமியாரின் நிதானமும் குரலும் பிற்கால வில்லன்களில் வேறு வேலைக்குப் பயன்பட்டன என்று சொல்லலாம்.

கதையின் மையம் கும்பகோணத்து வக்கீல் ஒருவர். சட்டத்தை நன்றாக அறிந்தவர், ஆகவே சட்டத்தால் பிடிபடாதவர். அவரிடமிருந்து உண்மையை வரவழைக்கச் சாமியார் கையாள்வது மனவசியம். வக்கீல் நாள்கணக்கில் உறங்க முடியாமல் தவித்து, இறுதியில் உடைகிறார். மனவசியத்துக்கு 1840-களில் ஆங்கிலத்தில் நிலைபெற்ற 'ஹிப்னாடிசம்' என்ற பெயர் உறக்கத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. இங்கே உறக்கம் பறிக்கப்படுகிறது.

இந்தியாவுக்கு இந்தக் கலை புதிதும் அல்ல. ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1845-ல் வங்கத்து ஹூக்ளியில் நோயாளிகளை மெஸ்மரிச மயக்கத்தில் ஆழ்த்தி அறுவைச் சிகிச்சை செய்தார். ஹாலிவுட்டின் ஹோம்ஸ் படமான 'தி உமன் இன் கிரீன்' (1945) மனவசியத்தைக் குற்றவாளிகளின் ஆயுதமாகக் காட்டியது. அங்கே ஹோம்ஸ் அதற்குப் பலியாவதுபோல் நடித்துத் தப்புகிறார். தமிழ்ப் படத்தில் அதே ஆயுதம் நல்லவர் கையில் இருக்கிறது. அரங்கில் கைதட்டல் கிடைக்கக்கூடிய இடம்தான். ஆனால் இன்று பார்ப்பவருக்கு அந்தக் காட்சி நெருடும். ஒருவரைத் தூங்கவிடாமல் வாக்குமூலம் வாங்குவதற்குக் காவல் நிலையத்தில் வேறு பெயர் உண்டு.

படம் வெளியான அதே 1950-ல், ஜனவரி 26 அன்று, அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. குற்றம்சாட்டப்பட்டவரைத் தமக்கு எதிராகவே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அதன் 20(3) பிரிவு. மயக்க மருந்து கொடுத்து விசாரிக்கும் நார்கோ சோதனையைச் சம்மதமின்றிச் செய்வது இந்தப் பிரிவுக்கு முரணானது என உச்ச நீதிமன்றம் செல்வி வழக்கில் தீர்ப்பளித்தது 2010 மே மாதம். கும்பகோணத்து வக்கீலுக்கு அந்தப் பிரிவு தெரிந்திருந்தால், சாமியாரிடம் முதலில் அதைத்தான் எடுத்துக் காட்டியிருப்பார்.