மரவள்ளி மாவும் வாழை நாரும்: உக்கும் பையை உறுதியாக்கும் நனோ இழைகள்

பனிச்சங்கேணிப் பாலத்தடியில் காலையில் வலை தட்டுபவர்களோடு நிற்கும்போதெல்லாம் நான் ஒன்றைக் கவனிப்பதுண்டு. இறாலைத் தெரிந்தெடுப்பதற்கு முன் சொப்பின் பைகளையே அவர்கள் பிடுங்கி எறிய வேண்டியிருக்கிறது. சுனாமியையும் 2006, 2007 காலத்து இடப்பெயர்வையும் கண்ட எங்களுக்குப் பொலித்தீன் பகைப்பொருளாக வந்ததல்ல. நிவாரணப் பருப்பு அதில்தான் வந்தது. தறப்பாளின் கீழ்தான் பிள்ளைகள் உறங்கினார்கள். அன்று காத்த அதே பொருள்தான் இன்று களப்பின் சேற்றிலும் கண்டல் வேர்களிலும் சிக்கிக் கிடக்கிறது.

அந்த நாட்களில் எங்களைக் காத்த இன்னொன்று மரவள்ளிக்கிழங்கு. அதன் மாவிலிருந்து உக்கக்கூடிய பை செய்யலாம் என்று பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தப் பை ஏன் இன்னும் எல்லாக் கடைகளிலும் தொங்கவில்லை, அதன் குறையைத் தாவர நார் எப்படித் தீர்க்கிறது என்பதையே இங்கு எழுதுகிறேன்.

மாப்பொருள் தாளாவது எப்படி?

பச்சைக் கிழங்கின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மாப்பொருள். அதை நீரில் கலந்து காய்ச்சினால் மாமணிகள் வீங்கி உடைந்து கூழாகும். கூழைப் பரப்பிக் காயவைத்தால் தாள் கிடைக்கும். ஆனால் அது அப்பளம்போல் நொறுங்கும். வளைவதற்காகக் கிளிசரின் சேர்ப்பார்கள்.

குறைகள் இரண்டு. மாப்பொருள் நீரை இழுக்கும். எங்கள் மாரிக்காலத்து ஈரக்காற்றிலேயே தாள் தொய்ந்துவிடும். அடுத்தது, ஆறிய சோறு விறைப்பதுபோல, நாட்செல்ல மூலக்கூறுகள் மீண்டும் நெருங்கி அடுக்குப்படுவதால் தாள் விறைத்து வெடிக்கும்.

மண்சுவருக்கு வைக்கோல் போல

மண்வீடு கட்டும்போது களியோடு வைக்கோலை மிதித்துச் சேர்ப்பது எங்கள் ஊரில் தெரிந்த வேலை. விஞ்ஞானிகள் செய்வதும் அதுதான். அவர்கள் சேர்ப்பது தாவர நாரிலிருந்து பிரித்த செலுலோசு இழை. எங்கள் தலைமயிரின் தடிப்பு ஏறத்தாழ 80,000 நனோமீற்றர். இந்த இழைகள் பெரும்பாலும் 5 முதல் 50 நனோமீற்றர் வரையே.

மாப்பொருளும் செலுலோசும் குளுக்கோசால் ஆனவை. குளுக்கோசு கோர்க்கப்பட்ட விதம் மட்டுமே வேறு. ஆகையால் தனியாக ஒட்டுப்பசை இல்லாமலே ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. தாளின் உலர் எடையில் சில சதவீதம் சேர்த்தாலே, இழைகள் உள்ளே வலைபோல் பின்னி இழுவையைத் தாங்குகின்றன. நீராவி நேராகப் புக முடியாமல் சுற்றிச் செல்ல வேண்டியிருப்பதால் ஈரம் ஏறுவதும் குறைகிறது. அளவு மிஞ்சினால் இழைகள் கட்டிபட்டு, அந்த இடத்திலேயே தாள் கிழியும்.

கேரளாவில் நடந்தது

இதை எங்களுக்குக் கிட்டிய மண்ணில் செய்து பார்த்திருக்கிறார்கள். கோட்டயம் மகாத்மா காந்தி பல்கலைக்கழகப் பேராசிரியர் சாபு தோமஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அன்னாசி இலையிலிருந்தும் வாழை நாரிலிருந்தும் நனோ செலுலோசு பிரித்த முறையை 2010, 2011ஆம் ஆண்டுகளில் வெளியிட்டார்கள். நாரைக் காரத்தில் இட்டு, அழுத்தக் கலனில் நீராவியால் அவித்து, அழுத்தத்தைத் திடீரென விடுவித்தால் நார் வெடித்துப் பிரியும். பின்னர் வெளுத்து, மென்மையான அமிலத்தில் மீண்டும் நீராவி கொடுத்துக் கலக்க, நனோ இழை கிடைக்கும். குலை வெட்டியபின் நாங்கள் தோட்டத்தில் அழுகவிடும் வாழைத்தண்டுதான் அங்கே மூலப்பொருள்.

பசிக்கு உதவிய கிழங்கைப் பையாக்குவதா என்று மாமி ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. தமிழ்நாட்டின் சேலத்தில் ஜவ்வரிசி ஆலைகளில் மாவைப் பிழிந்தபின் மிஞ்சுவதைத் திப்பி என்பார்கள். அதில் மாப்பொருளும் நாரும் சேர்ந்தே இருக்கின்றன. உணவைத் தொடாமல் கழிவிலிருந்து தொடங்கவும் வழி உண்டு.

நாங்கள் கேட்க வேண்டியவை

நனோ இழை சேர்த்தாலும் இது நீர்புகாத தாள் ஆகிவிடாது. மீனும் ஐசும் கட்ட உதவாது. உலர்ந்த சாமான் பைக்கும், கன்றோடு சேர்த்தே நடக்கூடிய நாற்றுப் பைக்கும் பொருந்தும். இழையை உலர்த்தினால் மீண்டும் ஒட்டிக்கொள்வதால் அதை ஈரக் களியாகவே கொண்டுசெல்ல வேண்டும். காரமும் அமிலமும் கலந்த கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் களப்பில் விட்டால், பைக்குப் பதிலாக நஞ்சையே வாங்கியவர்களாவோம்.

இலங்கையில் 2017 செப்ரெம்பர் 1ஆம் திகதி முதல் 20 மைக்ரோனுக்குக் குறைந்த பொலித்தீனும் லஞ்ச் சீற்றும் தடை செய்யப்பட்டன. அதன்பின் "உக்கும்" என்ற சொல் அச்சிட்ட பைகள் பல வந்தன. அந்தச் சொல்லை நம்பி மட்டும் வாங்காதீர்கள். எதனால் ஆனது, மண்ணில் உக்குமா அல்லது ஆலையின் சூட்டில் மட்டும்தான் உக்குமா, எத்தனை நாளில் என்று கேளுங்கள். சாதாரணப் பிளாஸ்டிக்கில் இரசாயனம் கலந்து செய்தவை துண்டுதுண்டாக உடையுமே தவிர மறையாது. அந்தத் துண்டுகளை வலையால் அரிக்க முடியாது. அவை இறாலின் வயிற்றுக்குள் போகும். அந்த இறால் எங்கள் சட்டிக்கு வரும்.