முலாம்

"முலாம் பூசிய பேச்சு" என்று பழித்துச் சொல்வது நம் வழக்கம். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்பது பொருள். முலாமின் சரித்திரத்தைச் சற்றே புரட்டிப் பார்த்த பிறகு, அந்தப் பழியை அதன் மேல் சுமத்த எனக்கு மனம் வரவில்லை.

காரணம் ஒரு பழைய மோட்டார் வண்டி. என் நண்பர் ஒருவரிடம் அவருடைய பாட்டனார் காலத்து ஆஸ்டின் செவன் இருக்கிறது. 1928-இல் இங்கிலாந்தில் செய்தது. அதைப் புதுப்பிக்கக் கிளம்பியவர், ரேடியேட்டர் மூடியையும் சில திருகாணிகளையும் ஒரு கடையில் கொடுத்து, "நன்றாகப் பளபளக்கட்டும்" என்றார். பளபளத்துத்தான் வந்தன. ஆனால் மூடியின் மேலிருந்த எழுத்துக்கள் தேய்ந்து மறைந்திருந்தன. இரண்டு திருகாணிகளைக் காணோம். "தொட்டிக்குள் விழுந்திருக்கும்" என்றார்கள். நண்பர் அன்றிரவு சாப்பிடவில்லை.

மீதிச் சாமான்களுடன் இருவரும் வேறொரு பெரியவரிடம் போனோம். அவர் கைப்பிடி ஒன்றை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "எந்த வருஷத்து வண்டி?" என்று கேட்டார். சொன்னோம்.

"அப்படியானால் குரோமியம் கேட்காதீர்கள், சார். இதற்கு நிக்கல்தான்."

அந்த ஒரு வாக்கியத்துக்குள் எவ்வளவு பெரிய கதை அடங்கியிருக்கிறது என்பதைப் பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

பழைய நாளில் தங்க முலாம் பூசுகிறவர்கள் தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்துப் பூசி, நெருப்பில் காட்டுவார்கள். பாதரசம் ஆவியாகப் போகும். தங்கம் பொருளில் ஒட்டிக்கொள்ளும். அந்த ஆவியைச் சுவாசித்தவனின் ஆயுளும் கூடவே போகும். 1800-இல் இத்தாலியில் வோல்ட்டா மின்கலத்தை அமைத்தார். அவருடைய நண்பர் புருன்யதெல்லி 1805-இல் மின்சாரத்தைக் கொண்டே வெள்ளிப் பதக்கங்களுக்குத் தங்க முலாம் ஏற்றினார். 1840-இல் பர்மிங்ஹாம் நகரத்து எல்கிங்டன் குடும்பத்தார் இதைத் தொழிலாக்க உரிமை பெற்றார்கள். அவர்களுக்கு வழி காட்டியவர் ஜான் ரைட் என்ற வைத்தியர். தங்கத்தையும் வெள்ளியையும் சீராகப் படியச் செய்ய அவர் கண்ட திராவகம் எது தெரியுமா? சயனைடு! பாதரசம் போய் இன்னொரு விஷம் வந்தது.

1869-இல் அமெரிக்காவில் ஐசக் ஆடம்ஸ் நிக்கல் முலாமுக்கு உரிமை பெற்றார். ஆரம்ப கால மோட்டார்களில் பித்தளையும், பிறகு நிக்கலும்தான் மின்னின. நிக்கலில் ஓர் இளமஞ்சள் சாயல் உண்டு. நாளாக ஆக மங்கும், துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். 1920-களின் நடுவில் கொலம்பியா சர்வகலாசாலையின் காலின் ஃபிங்க் குரோமியத்தைத் தொழிலுக்கு ஏற்றபடி படியச் செய்தார். நீலம் பாரித்த, துடைக்க வேண்டாத பளபளப்பு. சில வருஷங்களுக்குள் மோட்டார் உலகம் அதற்கு மாறிவிட்டது. நண்பரின் வண்டி அந்த மாறுதலுக்குச் சற்று முன்னே பிறந்தது.

இதில் வேடிக்கை, அலங்காரக் குரோமியத்தின் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அடியிலிருக்கும் செம்பும் நிக்கலும்தான் துருவைத் தடுக்கின்றன. உலோகத்தில் ஒரு கீறல் இருந்தால் முலாம் அதை மறைக்காது. இன்னும் எடுப்பாகக் காட்டிக் கொடுத்துவிடும். பொய் சொல்லத் தெரியாத பொருள்!

பெரியவர் ஒவ்வொரு திருகாணியையும் எண்ணி, தாமிரக் கம்பியில் கோத்துக் கட்டினார். எழுத்துள்ள இடங்களைப் பஃப் சக்கரத்தில் கொடுக்காமல் கையாலேயே தேய்த்தார்.

"குரோமியம் நீங்கள் செய்வதே இல்லையா?" என்று கேட்டேன்.

"முன்பு செய்தேன். விட்டுவிட்டேன்" என்று மூக்கைத் தொட்டுக் காட்டினார்.

குரோமிய அமிலத்தின் ஆவி மூக்கின் நடுத்தண்டைத் துளைத்துவிடும். இதற்காகவே 1931-இல் பிரிட்டனில் தனி விதிகள் செய்தார்கள். அது புற்றுநோயும் தரும் என்பதால் ஐரோப்பாவில் 2017 முதல் தனி அனுமதியின்றி உபயோகிக்கக் கூடாது.

ஒரு வாரம் கழித்துச் சாமான்கள் வந்தன. எண்ணிக்கை சரியாக இருந்தது. நண்பர் பூரித்துப்போய்ப் பெரியவருக்குப் பழமும் ஒரு முழம் மல்லிகையும் வாங்கிக் கொடுத்தார்.

அவர் பூவை முகத்தருகே கொண்டுபோகவில்லை. "வீட்டில் சந்தோஷப்படுவாள், சார். எனக்குத்தான் வாசனை தெரிந்து இருபது வருஷமாகிறது" என்றார்.