சேற்றில் தெரிந்த முகங்கள்: ரக்பி ஆட்டமும் கேமராவும்

1871ஆம் ஆண்டு மார்ச் 27 அன்று எடின்பரோ நகரின் ரேபர்ன் பிளேஸ் மைதானத்தில் ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் மோதியதே ரக்பியின் முதல் பன்னாட்டு ஆட்டம். அதில் ஆடியவர்கள் வரிசையாக அமர்ந்தும் நின்றும் எடுத்துக்கொண்ட குழுப் படங்கள் இன்றும் காணக் கிடைக்கின்றன; ஓடியும் மோதியும் ஆடிய அந்தப் பிற்பகலோ எழுத்தில் மட்டுமே வாழ்கிறது. இதற்குப் புகைப்படக்காரர்களின் அசட்டை காரணமன்று. அக்காலத்தில் வழக்கிலிருந்தது ஈரத்தட்டு முறை. கண்ணாடித் தட்டின்மேல் கொலோடியன் என்னும் பசையைப் பூசி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் நனைத்து, அது காய்வதற்குள் படமெடுத்து, உடனே இருட்டறையில் துலக்கிவிட வேண்டும். அத்தட்டின்மேல் பெரும்பாலும் சில விநாடிகளாவது ஒளி விழ வேண்டியிருந்ததால் அசையாமல் இருப்பவர்களையே அது ஏற்றுக்கொண்டது. ஓடுகிறவன் மங்கிய கறையாகப் பதிந்தான், அல்லது பதியாமலே போனான்.

ஆட்டத்தின் அமைப்பும் கேமராவுக்கு எதிராகவே இருந்தது. அன்று அணிக்கு இருபது பேர். அவர்களில் பெரும்பாலோர் ஸ்க்ரம் எனப்படும் நெருக்கத்தில், அதாவது இரு அணியினரும் தோளோடு தோள் கோத்துத் தலை கவிழ்ந்து தள்ளிக்கொள்ளும் திரளில், ஒன்றாகிக் கிடந்தார்கள். பந்து அவர்களுடைய கால்களுக்கிடையே எங்கோ இருக்கும். 1877இல் ஆட்டக்காரர் எண்ணிக்கை பதினைந்தாகக் குறைந்த பின்னர்தான் ஆட்டம் சற்றே திறந்த வெளிக்கு வந்தது. ஓவியர்களுக்கு இந்தத் தடை இல்லை. யார்க்‌ஷயர், லங்காஷயர் அணிகளின் 1893ஆம் ஆண்டு ஆட்டத்தை வரைந்த வில்லியம் பார்ன்ஸ் வோலனின் ‘தி ரோசஸ் மேட்ச்’ ஓவியத்தில் பந்து, ஓட்டம், முகங்கள் எல்லாம் ஒரே பார்வையில் தெளிவாகத் தெரிகின்றன. அன்றைய எந்தக் கேமராவும் அவ்வளவையும் ஒருசேரத் தந்திருக்க முடியாது.

முதல் பன்னாட்டு ஆட்டம் நடந்த அதே 1871இல்தான், ரிச்சர்ட் லீச் மேடக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர், கொலோடியனுக்குப் பதிலாக ஜெலட்டினைப் பயன்படுத்தும் உலர்தட்டு முறையை வெளியிட்டார். அது செம்மைப்பட்டு 1880களில் ஆலைகளில் செய்த தட்டுகளாக விற்பனைக்கு வந்தபோது, விநாடியில் ஒரு சிறு பகுதி நேரம் ஒளி விழுந்தாலே போதும் என்றாயிற்று. 1888இல் ஒட்டோமார் அன்ஷூட்ஸ் காப்புரிமை பெற்ற ஷட்டர், தட்டுக்கு முன்னால் ஒரு திரையின் குறுகிய பிளவை ஓடவிட்டு, ஒளி விழும் நேரத்தை விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குவரை குறைத்தது. எனினும் ரக்பி குளிர்காலத்து ஆட்டம். பிரிட்டனின் டிசம்பர் பிற்பகலில் சூரியன் தாழ்ந்து, வானம் மூடியிருக்கும்போது, ஷட்டரின் வேகத்துக்கு ஈடுகொடுக்கும் ஒளி கிடைப்பதே அரிது. படம் ஒன்றுக்குத் தட்டு ஒன்று. ஒரு முறை ஷட்டரை விட்டால், தட்டை மாற்றுவதற்குள் ஆட்டம் வேறெங்கோ போயிருக்கும்.

இந்த வரையறைகளின் முழுக் கனத்தையும் 1905 டிசம்பர் 16 அன்று கார்டிஃப் ஆர்ம்ஸ் பார்க் மைதானத்தில் காணலாம். அதுவரை அந்தச் சுற்றுப்பயணத்தில் தோல்வியே அறியாத நியூசிலாந்தை வேல்ஸ் 3–0 என்று வென்றது. பிற்பாதியில் நியூசிலாந்தின் பாப் டீன்ஸ் எதிரணியின் கோல் கோட்டருகே வீழ்த்தப்பட்டார். கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பதே ‘ட்ரை’ எனப்படும் புள்ளி. தாம் பந்தைக் கோட்டுக்கு அப்பால் வைத்ததாகவும், அதன்பின் பின்னுக்கு இழுக்கப்பட்டதாகவும் டீன்ஸ் சொன்னார். பின்தங்கி ஓடிவந்த நடுவர் ஜான் டல்லாஸ் அதை ஏற்கவில்லை. மறுநாள் டீன்ஸ் ‘டெய்லி மெயில்’ நாளிதழுக்குத் தந்தியடித்துத் தம் வாதத்தை உறுதிப்படுத்தினார். மூன்றாண்டுகள் கழித்து, இருபத்து நான்கு வயதில், இறந்தும் போனார். நூற்றாண்டுக்கு மேலாகியும் அந்த வழக்கைத் தீர்த்துவைக்கும் படம் கிடைக்கவில்லை. புல்மீது பந்து பட்ட அந்த ஓர் இமைப்பொழுது யாருடைய தட்டிலும் தெளிவாக விழாமற்போனது இவ்விளையாட்டின் வரலாற்றுக்கு உண்மையான இழப்பு.

பின்னர் வந்த நீண்ட லென்ஸ்கள், சுருள் ஃபிலிம், அதைத் தானே நகர்த்தும் மோட்டார் ஆகியவை ஒரே மோதலைப் பல படங்களாக எடுக்கும் வசதியைத் தந்தன. இருந்தும் மக்கள் நினைவில் தங்கிய ரக்பிப் படங்களில் குறிப்பிடத்தக்க சில, ஆட்டம் நின்றிருந்த கணங்களில் எடுக்கப்பட்டவை என்பது கருதத்தக்கது. 1977இல் நியூசிலாந்தின் வெலிங்டன் நகரில், ஜூனியர் ஆல் பிளாக்ஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தில், பிரிட்டிஷ் லயன்ஸ் அணியின் ஃபிரான் காட்டனைக் காலின் எல்சி எடுத்த படத்தில் மோதலும் இல்லை, ஓட்டமும் இல்லை. தலைமுடி முதல் காலுறை வரை ஒரே நிறச் சேறாக ஒரு பெரிய உருவம் காத்து நிற்கிறது. அந்தச் சேற்றுக்குள்ளிருந்து கண்கள் மட்டும் பார்க்கின்றன.

இவ்வகையில் இன்னும் ஆழமானது 1963இல் சிட்னியில் ஜான் ஓகிரேடி எடுத்த படம். அது ரக்பி லீக் என்னும் கிளையைச் சேர்ந்தது. வேலை நாளின் கூலியை இழந்து ஆட வருவோருக்கு ஈடு தரலாமா என்ற பூசலில் வட இங்கிலாந்துக் கழகங்கள் 1895இல் பிரிந்து சென்றதால் பிறந்த கிளை. இறுதி ஆட்டத்தில் செயின்ட் ஜார்ஜ் அணி 8–3 என்று வென்று முடிந்ததும், அதன் நெடிய தலைவர் நார்ம் புரோவனும், தோற்ற வெஸ்டர்ன் சபர்ப்ஸ் அணியின் குட்டையான தலைவர் ஆர்தர் சம்மன்ஸும் அணைத்தபடி நிற்கிறார்கள். இருவர் உடைமீதும் சேறு அப்பியிருப்பதால் எந்த அணி எவருடையது என்று பிரித்தறிய இயலவில்லை. உயரம் ஒன்றே அடையாளம். வென்றவரும் தோற்றவரும் ஒருவரையொருவர் மெச்சும் காட்சியாகவே ஆஸ்திரேலிய மக்கள் இதைப் போற்றினார்கள். சம்மன்ஸோ, தாம் அப்போது நடுவரைப் பற்றிக் குறைபட்டுக்கொண்டிருந்ததாகவும், ஜெர்சியை மாற்றிக்கொள்ள மறுத்ததாகவும் பிற்காலத்தில் சொன்னார். கேமராவுக்குச் செவி இல்லை. அதனால் அவருடைய குறை படத்தில் ஏறவில்லை. ஆனால் அந்தக் கைகளின் அணைப்பும் களைப்பும் பொய்யல்ல. 1982இல் அப்படம் வெண்கலச் சிலையாக வார்க்கப்பட்டு வின்ஃபீல்ட் கோப்பையாயிற்று. 2013இல், இருவரும் உயிரோடிருந்த காலத்திலேயே, ஆஸ்திரேலிய லீக்கின் கோப்பைக்குப் புரோவன்–சம்மன்ஸ் கோப்பை என்றே பெயர் சூட்டப்பட்டது.