வாத்தியார் என்ற சொல் கரையேறிய துறைமுகம்



கடந்த டிசம்பர்த் திங்களில் நானும் என் துணைவியாரும் மகன் குடும்பத்தாரோடு கரிபியன் கடலில் ஒரு வாரக் கப்பற்பயணம் மேற்கொண்டோம். மகன் கனடாவில், மொன்றியால் நகரில் பணிபுரிகிறான். மருமகளும் பத்து வயதுப் பேரனும் உடன் வந்தனர். போர்ட்டோ ரிக்கோவின் சான் உவான் துறைமுகத்தில் கப்பலேறி நான்கு தீவுகளில் இறங்கினோம்.

கப்பலின் நீச்சற்குளத்தைப் பற்றியும் விருந்துகளைப் பற்றியும் எழுதுவது என் நோக்கமன்று. இவ்வகைக் கப்பல்கள் காலையில் கரையணைந்து மாலையில் புறப்பட்டுவிடும். இடைப்பட்ட எட்டு மணி நேரத்தில் பயணிகள் காண்பன பெரும்பாலும் கடற்கரையும் கடைத்தெருவும்தாம். வரலாற்றுப் பாடம் நடத்திப் பழகிய எனக்கோ அத்துறைமுகங்கள் ஒரே கதையின் நான்கு இயல்களாகத் தோன்றின. அந்தக் கதையின் கடைசி இயல் என் சொந்த வீட்டைத் தொட்டுவிட்டதால்தான் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

பிரிட்ஜ்டவுன்: கரும்பு ஆண்ட தீவு

முதலில் இறங்கியது பார்படோஸ் தீவின் தலைநகரான பிரிட்ஜ்டவுனில். 1627-ஆம் ஆண்டு ஆங்கிலேயர் இங்குக் குடியேறினர். 1640-களில் கரும்புப் பயிர் வேரூன்றியது. அதன் பின்னர் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களின் உழைப்பால் இச்சிறு தீவு பெருஞ்செல்வம் ஈட்டித் தந்தது. அச்செல்வம் எழுப்பிய பழைய நகரையும் படை முகாமையும் 2011-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. 2021 நவம்பர் 30 அன்று பார்படோஸ் குடியரசாகியது.

பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் அடிமை முறை 1834-இல் சட்டப்படி ஒழிந்தது. முழு விடுதலை 1838-இல் கிட்டியது. இழப்பீடாக வழங்கப்பட்ட இரண்டு கோடி பவுண்டு, அடிமைகளை உடைமையாக வைத்திருந்தோருக்கே சென்றது. அடிமைகளாய் இருந்தோருக்கு ஒரு காசும் இல்லை.

இங்கு ஒரு கேள்வி எழும். விடுதலை பெற்றோர் தோட்டத்தைவிட்டு வெளியேறியபின் கரும்பை வெட்டியது யார்? பார்படோஸில் இக்கேள்வி பெரிதாக எழவில்லை. தீவின் நிலமெல்லாம் தோட்டங்களாகவே இருந்தமையால், விடுதலை பெற்றவர்க்குக் குடிசை போடவும் வேறிடம் இல்லை. பழைய முதலாளியிடமே கூலிக்கு நின்றனர். ஆகவே இந்தியாவிலிருந்து ஆள் கொண்டுவரும் தேவை அங்கு ஏற்படவில்லை. வெற்று நிலம் மிகுந்திருந்த டிரினிடாட்டிலும் கயானாவிலும் நிலைமை வேறு. அங்கு விடுதலை பெற்றோர் தோட்டங்களைவிட்டு விலகித் தமக்கென நிலம் தேடினர். முதலாளிகளின் பார்வை இந்தியாவின் பக்கம் திரும்பியது. 1838-இல் கயானாவிலும் 1845-இல் டிரினிடாட்டிலும் இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்கள் கரையிறங்கினர். நிலத்தின் அளவே மக்களின் விதியை எழுதியது எனலாம்.

காஸ்ட்ரீஸ்: பதினான்கு முறை கைமாறிய தீவு

அடுத்த நாள் செயின்ட் லூசியா. பிரெஞ்சுக்காரரிடமும் ஆங்கிலேயரிடமும் பதினான்கு முறை கைமாறிய தீவு இது. ஆட்சி ஆங்கிலேயருடையதாகியும் மக்கள் வாயில் பிரெஞ்சு வழிவந்த கிரியோல் மொழியே இன்றும் வழங்குகிறது.

1859 மே 6 அன்று 'பல்மைரா' என்னும் கப்பல் 318 இந்தியர்களோடு காஸ்ட்ரீஸ் துறையை அடைந்தது. அவர்கள் வழித்தோன்றல்கள் இன்றும் உள்ளனர். காஸ்ட்ரீஸில் பிறந்த கவிஞர் டெரெக் வால்காட் 1992-இல் இலக்கியத்திற்கான நோபல் பரிசு பெற்றார். அவர் தம் ஏற்புரையைத் தொடங்கியதே டிரினிடாட்டின் ஃபெலிசிட்டி என்னும் சிற்றூரில் இந்திய வழித்தோன்றல்கள் நடத்தும் இராமலீலையைப் பற்றிய பேச்சோடுதான். கடல் கடந்து சிதறிய நினைவுகளை ஒட்டவைப்பதே தீவு மக்களின் கலை என்பது அவ்வுரையின் சாரம். நகரின் நடுவே அவர் பெயர் தாங்கிய சதுக்கத்தில் அமர்ந்து அதனைப் பேரனுக்குச் சொன்னேன். அவன் பனிக்கூழில் கவனமாக இருந்தான். பத்து வயதில் நானும் அப்படித்தான் இருந்திருப்பேன்.

போர்-து-பிரான்ஸ்: குழம்பு மணக்கும் சந்தை

மூன்றாவது தீவு மார்ட்டினிக். இது இன்றும் பிரான்ஸ் நாட்டின் ஒரு பகுதி. தபால் பெட்டி முதல் ரொட்டிக்கடை வரை அனைத்தும் பிரெஞ்சு.

பிரான்ஸ் 1848 ஏப்ரல் 27-இல் அடிமை ஒழிப்பு ஆணையைப் பிறப்பித்தது. அவ்வாணை கப்பலில் வந்து சேருமுன்னரே, மே 22 அன்று சான் பியேர் நகரில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். மறுநாளே ஆளுநர் விடுதலையை அறிவிக்க வேண்டியதாயிற்று. ஐந்தாண்டுகள் கழித்து, 1853 மே 6 அன்று, அதே சான் பியேர் துறையில் 'ஒரேலி' என்னும் கப்பல் வந்து நின்றது. அதிலிருந்து 313 இந்தியர்கள் இறங்கினர். பின்னர் 1883 வரை ஏறத்தாழ 25,500 பேர் மார்ட்டினிக்கிற்குக் கொண்டுவரப்பட்டனர். பாண்டிச்சேரி, காரைக்கால் வழியே வந்தவர்களுள் பெரும்பாலோர் தமிழர். நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு ஏறத்தாழ மூன்று மாதம் பாய்மரக் கப்பலில் வந்தார்கள்.

அவர்கள் இறங்கிய சான் பியேரை 1902 மே 8 அன்று பெலே எரிமலை சில நிமிடங்களில் எரித்து அழித்தது. ஏறத்தாழ 28,000 பேர் மாண்டனர். தீவின் வணிக வாழ்வு போர்-து-பிரான்ஸுக்கு இடம்பெயர்ந்தது.

போர்-து-பிரான்ஸின் கூரைச் சந்தையில் நுழைந்ததும் என் துணைவியார் நின்றுவிட்டார். "ஏங்க, இது நம் கறித்தூள் வாசம்தானே?" என்றார். மல்லி, சீரகம், கடுகு, மஞ்சள் சேர்த்து அரைத்த தூள் சிறு பைகளில் விற்பனைக்கு இருந்தது. பெயர் 'கொலொம்போ'. 'குழம்பு' என்னும் தமிழ்ச்சொல்லின் திரிபே இது என்பது பலர் கருத்து. கொழும்பு நகரின் பெயர் என்பாரும் உளர். கொலொம்போ இன்று இந்தியர் உணவு மட்டுமன்று. மார்ட்டினிக் மக்கள் அனைவரின் விருந்து உணவு. கறிவேப்பிலைக்கு இங்கு 'வேப்பெலே' என்று பெயர். நம் தப்பு இங்கு 'தாப்பூ', மத்தளம் 'மத்தாலோன்', மாரியம்மன் 'மலியேமின்', மதுரைவீரன் 'மல்தேவிலின்'.

அடுப்படியிலும் வழிபாட்டிலும் தமிழ்ச்சொற்கள் பிழைத்திருக்கின்றன. ஆயின் அவற்றை இணைத்து ஒரு வாக்கியம் பேசக்கூடியவர் அச்சந்தையில் எவரும் இல்லை.

புவான்த்-ஆ-பீத்ர்: ஒரு தாள், இரு மாணவர்

கடைசித் துறைமுகம் குவாதலூப் தீவின் புவான்த்-ஆ-பீத்ர். கப்பல் நகரின் நடுவிலேயே கரையணைகிறது. துறைமுகத்திற்கு அருகே, பழைய சர்க்கரை ஆலை இருந்த இடத்தில், அடிமை வரலாற்று நினைவகம் ஒன்று 2015-இல் திறக்கப்பட்டது. 1854 டிசம்பர்த் திங்களில் அதே 'ஒரேலி' கப்பல் இந்நகருக்கும் இந்தியர்களைக் கொணர்ந்தது. 1889 வரை ஏறத்தாழ 42,000 பேர் குவாதலூப்பிற்கு வந்தனர்.

வந்தோரின் பிள்ளைகள் பிரெஞ்சு மண்ணில் பிறந்தும் குடிமக்களாக எண்ணப்படவில்லை. கப்பெஸ்தேர் ஊரைச் சேர்ந்த ஹென்றி சிதம்பரம் என்பார் 1904-இல் அவர்களின் வாக்குரிமைக்காக வழக்காடத் தொடங்கினார். 1923-இல்தான் அவ்வுரிமை கிட்டியது. பத்தொன்பது ஆண்டுகள் ஒரு மனிதர் விடாமல் நின்றார். நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லாத பெயர்களுள் இதுவும் ஒன்று.

அவ்வூரை அடுத்த ஷாங்கி என்னும் இடத்தில் உள்ள கோயிலைக் காண வாடகை வண்டி ஒன்றை அமர்த்தினோம். ஓட்டுநருக்கு அறுபது வயதிருக்கும். அவருடைய குடும்பப்பெயர் 'சாமி' என்று முடிந்தது. அவருக்கு பிரெஞ்சும் கிரியோலும் தெரியும், ஆங்கிலம் தெரியாது. எனக்குத் தமிழும் மலாயும் ஆங்கிலமும் தெரியும்; பிரெஞ்சு தெரியாது. மொன்றியாலில் பிரெஞ்சுப் பள்ளியில் பயிலும் என் பேரன் இருவருக்கும் இடையே மொழிபெயர்ப்பாளனாக அமர்ந்தான்.

ஓட்டுநரின் பாட்டனார் ஒரு 'வாத்தியாலு' என்றார். நான் திரும்பக் கேட்டேன். ஆம், வாத்தியார்தான். அத்தீவில் அச்சொல் பள்ளி ஆசிரியரைக் குறிப்பதில்லை. சடங்குகளிலும் இரவுக் கூத்துகளிலும் தமிழ்ப் பாடல்களை மனப்பாடமாகப் பாடி வழிநடத்துபவரைக் குறிக்கிறது. வகுப்பறை இல்லாத ஊரில் வாத்தியார் என்ற சொல், பாட்டைக் காப்பவரிடம் போய்த் தங்கிவிட்டது.

"பாட்டனாரிடம் ஏடு இருந்ததா?" என்று கேட்டேன். இல்லை, எல்லாம் வாய்வழிதான் என்றார். சில அடிகளைப் பாடியும் காட்டினார். 'தாயே' என்ற ஒரு சொல் மட்டும் என் செவிக்குப் பிடிபட்டது. பொருள் அவருக்கும் தெரியாது.

கோயிலில் சிலைகளையும் கோபுரத்தையும் பார்த்து நின்றபோது அவர் மற்றொன்றும் சொன்னார். கடலில் வந்தோரைக் காத்தவர் என 'நாகூர்மீரா'வுக்குக் கொடிமரம் நாட்டி வணங்குவது இத்தீவு இந்தியர் வழக்கமாம். எனக்கு மெய்சிலிர்த்தது. நாகூர் ஆண்டகைக்குச் சிங்கப்பூரின் தெலுக் ஆயர் சாலையில் 1830-ஆம் ஆண்டளவில் கட்டி முடிக்கப்பட்ட தர்கா இன்றும் நிற்கிறது. பினாங்கிலும் ஒன்று உண்டு. கிழக்கே கப்பலேறியவரும் மேற்கே கப்பலேறியவரும் ஒரே பெயரைச் சொல்லிக் கடலைக் கடந்திருக்கின்றனர்.

திரும்பும் வழியில் ஓட்டுநர் ஒரு வேண்டுகோள் வைத்தார். தம் பெயரைத் தமிழில் எழுதிக் காட்ட முடியுமா என்று பேரன் வழியாகக் கேட்டார். அவர் வீட்டில் எவரும் அதனைக் கண்டதில்லையாம். என் குறிப்பேட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அதனைப் பார்த்தார். பின் என் பேரனிடம் தாளைக் காட்டி, "இதில் எது 'சா'?" என்று கேட்டார்.

என் பேரன் தாளைப் பார்த்தான். பின் என்னைப் பார்த்தான். அவனுக்கும் தெரியவில்லை.

நமக்கும் அவர்களுக்கும் என்ன வேறுபாடு?

மலாயாவுக்கு வந்தவர்களும் ஒப்பந்தக் கூலிகளே. அவர்களும் கரும்புத் தோட்டத்திலும் பால்மரக்காட்டிலும் துன்புற்றவர்களே. ஆயினும் இங்குத் தமிழ் நிலைத்ததற்குக் காரணங்கள் உண்டு.

முதற்காரணம் தூரம். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு நீராவிக் கப்பலில் சில நாள் பயணந்தான். போவதும் வருவதுமாக இருந்தனர். ஒப்பந்த முறை 1910-இல் முடிந்தபின்னும் கங்காணி முறையில் 1938 வரை ஊரிலிருந்து புதியவர் வந்தனர். புதிய சொல்லும் பாட்டும் நாளிதழும் உடன் வந்தன. மார்ட்டினிக்கிற்கும் குவாதலூப்பிற்கும் சென்றவர்க்கு அந்தத் தொடர்பு பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அறுந்துபோயிற்று.

இரண்டாவது காரணம் பள்ளி. 1816-இல் பினாங்கு ஃபிரி பள்ளியில் தமிழ் வகுப்பு தொடங்கப்பட்டதை நாம் அறிவோம். தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் முதலாளி பள்ளி நடத்தவேண்டும் என்னும் விதி 1912-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தில் இடம்பெற்றது. தமிழ்ப்பற்றினால் வந்த விதியன்று அது. ஆள் ஓடிவிடாமல் நிறுத்துவதற்கான வழி. கொட்டகைப் பள்ளிகளில் கங்காணியும் கிராணியும் பாடம் நடத்திய காலம் உண்டு. எனினும் அக்கொட்டகையில் கரும்பலகை இருந்தது. அதில் 'அ' இருந்தது. குவாதலூப்பின் பிள்ளைகளுக்குப் பின்னாளில் பள்ளிக் கதவு திறந்தபோது உள்ளே பிரெஞ்சு மட்டுமே இருந்தது.

சமையலறை சொல்லைக் காக்கும். கோயில் பாட்டைக் காக்கும். எழுத்தைக் காப்பது பள்ளி ஒன்றே. அந்நான்கு தீவுகளில் நான் கற்ற பாடம் இதுவே.

என் கணக்கு

இனிச் சொல்லப்போவது எளிதன்று.

முப்பத்து மூன்று ஆண்டுகள் பேராக் மாநிலத்துத் தமிழ்ப்பள்ளிகளில் பணியாற்றினேன். ஒவ்வோர் ஆண்டும் முதலாம் ஆண்டு மாணவர் சேர்க்கைக்காக வீடு வீடாகச் சென்று பெற்றோரிடம் பேசினேன். ஆயினும் என் ஒரே மகனைத் தேசியப் பள்ளியில் சேர்த்தேன். மலாய்மொழி திறம்பட வரும், மேற்படிப்புக்கு உதவும், தமிழை வீட்டில் நானே சொல்லித் தந்துவிடுவேன் என்றெல்லாம் காரணம் கூறிக்கொண்டேன். மாலையில் பிறர் பிள்ளைகளின் கட்டுரைகளைத் திருத்தினேன். என் மகனுக்கு நேரம் கிட்டவில்லை. அவன் தமிழ் பேசுவான், தட்டுத்தடுமாறிப் படிப்பான். அவன் மகன் புரிந்துகொள்வான், படிக்கமாட்டான்.

ஓட்டுநரின் முன்னோர் மூன்று மாதக் கடலைக் கடந்து, பள்ளியும் இன்றிக் குடியுரிமையும் இன்றி வாழ்ந்து, எழுத்தை இழந்தனர். அவர்களுக்கு வேறு வழி இல்லை. எனக்கு வழி இருந்தது. என் வீட்டிலிருந்து பள்ளிக்கு மிதிவண்டியில் பத்து நிமிடம்.

அன்றிரவு கப்பலின் மேல்தளத்தில் மகனிடம் இதனைச் சொன்னேன். "அதை விடுங்கள் அப்பா, இனி என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள்" என்றான். மன்னித்தானா, பேச்சை மாற்றினானா என்று எனக்குத் தெரியவில்லை.

ஊர் திரும்பிய பின் சனிக்கிழமை தோறும் இணையவழியில் பேரனுக்கு அரைமணி நேரம் பாடம் நடத்துகிறேன். அவனுக்கு மொன்றியாலில் அது வெள்ளி இரவு. கொட்டாவி விட்டுக்கொண்டே அமர்வான். இப்பொழுது சகர வரிசைக்கு வந்திருக்கிறோம். சென்ற வாரம் 'சா' எழுதினான். துணைக்காலை எழுத்தின் முன்னால் போட்டான். திருத்தினேன்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளைக்கு ஏழு வயது நெருங்குகிறதெனில் அருகிலுள்ள தமிழ்ப்பள்ளியை ஒருமுறை சென்று பாருங்கள். ஆசிரிய நண்பர்களே, சேர்க்கைக்காக அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுமுன் நம் வீட்டுக் கணக்கையும் ஒருமுறை பார்த்துக்கொள்வோம்.